பிளாஸ்டிக் கிட்டாரை உடைத்தது யார்? ‘கிட்டார் ஹீரோ’ எழுந்து விழுந்த கதை

ஒரு கேம் டிஸ்க்கின் விலை 60 டாலர். அந்த கேமைத் தயாரித்த நிறுவனத்தின் விலை 50 டாலர். ஜோக் இல்லை, நிஜமாகவே நடந்தது.

2010 டிசம்பரில் அமெரிக்காவின் வயாகாம் நிறுவனம், தன் கையில் இருந்த ‘ஹார்மோனிக்ஸ்’ என்ற வீடியோ கேம் ஸ்டூடியோவை விற்றது. கைமாறிய தொகை 49.99 டாலர் என்று பிறகு செய்திகள் வந்தன. கோடியும் இல்லை, லட்சமும் இல்லை. ஸ்டூடியோவின் கடன்களையும் பொறுப்புகளையும் வாங்கியவர்கள் தலையில் ஏற்றிக்கொண்டார்கள் என்பதால் விலை பெயருக்குத்தான். ஆனால் நான்கே வருடம் முன்பு, 2006-ல் இதே ஸ்டூடியோவை வாங்க வயாகாம் கொடுத்தது 17.5 கோடி டாலர்.

அடுத்த இரண்டே மாதத்தில், 2011 பிப்ரவரி 9 அன்று, போட்டி நிறுவனமான ஆக்டிவிஷன் தன் ‘கிட்டார் ஹீரோ’ பிரிவையே இழுத்து மூடியது. தயாரிப்பில் இருந்த புதிய கேம் ரத்தானது. நிறுவனம் முழுவதும் சுமார் 500 பேரின் வேலை போகும் என்று அறிவிப்பு வந்தது.

பிளாஸ்டிக் கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டிவி முன்னால் நின்று வாசிக்கும் கேம்கள், அமெரிக்க வீடுகளின் ஹாலை ஆக்கிரமித்து சுமார் 5 வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் என்ன ஆச்சு?

“மக்களுக்குப் போரடிச்சிடுச்சு.” இதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். பொம்மை கிட்டார்தானே, எத்தனை நாளைக்கு வாசிப்பாங்க?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் கதை வேறு. மக்கள் சலித்துப்போகும் அளவுக்கு யாரோ திணித்தார்கள். அந்த யாரோ செய்த கணக்கு, இன்றைக்கு ஃபோனில் ஆப் வைத்திருக்கும் எல்லோரையும் தொடும் கணக்கு.

எங்கே தொடங்கியது?

1995-ல் அலெக்ஸ் ரிகோபுலோஸ், எரான் எகோஸி என்ற இருவர் ஹார்மோனிக்ஸைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் சந்தித்தவர்கள். அவர்களுடைய ஆசை ரொம்ப சிம்பிள். இசை கற்றுக்கொள்ளாதவர்களுக்கும், இசை வாசிக்கும்போது கிடைக்கும் சந்தோஷத்தைக் கொடுக்க வேண்டும்.

ஆசை சிம்பிள், பிசினஸ் சிம்பிள் இல்லை. 1998-ல் வந்த ‘தி ஆக்ஸ்’ என்ற முதல் சாஃப்ட்வேர் எடுபடவில்லை. 2001-ல் ‘ஃப்ரீக்வென்சி’, 2003-ல் ‘ஆம்ப்ளிட்யூட்’ என்று பிளேஸ்டேஷன் 2-க்காகச் செய்த கேம்களை விமர்சகர்கள் பாராட்டினார்கள். கடையில் நகரவில்லை.

அதே சமயம் ஜப்பானில் நிலைமை வேறு. கொனாமி நிறுவனம் 1990-களின் கடைசியிலேயே டிஜே மேசை, நடன மேடை, கிட்டார் என்று வரிசையாக இசை கேம்களை ஆர்கேட்களில் இறக்கியிருந்தது. அதில் ‘கிட்டார் ஃப்ரீக்ஸ்’ மூன்று பட்டன்கள் கொண்ட கிட்டார் கேம். ஆக, பிளாஸ்டிக் கிட்டார் அமெரிக்காவின் கண்டுபிடிப்பு இல்லை.

இரண்டையும் இணைத்தது ‘ரெட்ஆக்டேன்’. காய் ஹுவாங், சார்ல்ஸ் ஹுவாங் என்ற சகோதரர்கள் கலிஃபோர்னியாவில் நடத்திய சின்ன கம்பெனி. முதலில் ஆன்லைனில் கேம்களை வாடகைக்கு விட்டார்கள். பிறகு ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ ஆடுவதற்கான விரிப்புகளைத் தயாரித்தார்கள். கிட்டார் தயாரிக்க அவர்கள் ரெடி. அதற்கொரு கேம் வேண்டும் என்று ஹார்மோனிக்ஸைத் தேடிப் போனார்கள்.

2005 நவம்பரில் பிளேஸ்டேஷன் 2-க்கு ‘கிட்டார் ஹீரோ’ வந்தது. கிட்டாரோடு சேர்த்து விலை 70 டாலர், அன்றைய மதிப்பில் 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். பெரிய பெட்டி, பெயர் தெரியாத கம்பெனி. கடைக்காரர்கள் தயங்கினார்கள். ஆடிப் பார்த்தவர்கள் தயங்கவில்லை.

அப்படி என்ன மேஜிக்?

ஆடாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கிட்டாரின் கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என ஐந்து பட்டன்கள். உடம்புப் பகுதியில் தந்திக்குப் பதிலாக மேலும் கீழும் தட்டும் ஒரு பட்டை. டிவியில் ஒரு சாலை போல நீளும் பாதையில் வண்ணப் புள்ளிகள் நம்மை நோக்கி உருண்டு வரும. புள்ளி கோட்டைத் தொடும் நொடியில் அதே நிற பட்டனை அழுத்தி, பட்டையைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இதில் ஒரு சின்ன விஷயம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. புள்ளியைத் தவறவிட்டால், பாட்டில் கிட்டார் சத்தம் மட்டும் நின்றுவிடும். ட்ரம்ஸ் போகும், பாடகர் பாடுவார், கிட்டார் மட்டும் இருக்காது. திரும்பச் சரியாகத் தட்டினால் அந்த நொடியில் கிட்டார் திரும்பி வரும்.

அதாவது பாட்டு உங்கள் கையில் இருக்கிறது. வாசிப்பது உண்மையான கிட்டார் இல்லைதான். ஆனால் “நான் நிறுத்தினால் பாட்டும் நிற்கும்” என்ற உணர்வு பொய்யில்லை. கிட்டாரை உயர்த்திப் பிடித்தால் ‘ஸ்டார் பவர்’. தப்புத் தப்பாக வாசித்தால் கூட்டம் கூச்சல் போடும். மேடை பயம்வரைக்கும் 70 டாலரில் கிடைத்தது.

இன்னொன்றும் நடந்தது. ஒரு பாட்டில் கிட்டார் எங்கே நுழைகிறது, பேஸ் எங்கே தனியாக ஓடுகிறது என்று அதுவரை கவனிக்காதவர்கள் கவனிக்க ஆரம்பித்தார்கள். 2008-ல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பம் வந்தபோது இதற்கு வேடிக்கையான சாட்சி கிடைத்தது. அதே பாடல்கள் கிட்டார் ஹீரோவிலும் வந்தன. சிடியில் சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றி வைத்திருக்கிறார்கள், கேமில் வரும் ஒலிதான் தெளிவாக இருக்கிறது என்று ரசிகர்களே ஒப்பிட்டுச் சண்டைக்கு வந்தார்கள். பொம்மை என்று கிண்டலடிக்கப்பட்ட ஒரு பொருள், காது கொடுத்துக் கேட்கப் பழக்கியிருந்தது.

“நிஜ கிட்டார் கத்துக்கலாமே” என்று பல இசைக் கலைஞர்கள் அப்போது எரிச்சலோடு சொன்னார்கள். அந்த விமர்சனம் குறி தவறியது. தெருவில் கிரிக்கெட் ஆடும் பையனிடம் “ரஞ்சி டிராஃபி ஆடலாமே” என்று யாரும் சொல்வதில்லை. ஆடுவதே ஒரு தனி சந்தோஷம்.

பணம் கொட்டிய மூன்று வருடங்கள்

வெற்றி வந்ததும் பெரிய கைகள் நீண்டன. 2006-ல் ஆக்டிவிஷன் சுமார் 10 கோடி டாலருக்கு ரெட்ஆக்டேனை வாங்கியது. ‘கிட்டார் ஹீரோ’ என்ற பெயரும் கூடவே போனது. கேமைச் செய்த ஹார்மோனிக்ஸை அதே வருடம் எம்டிவியின் தாய் நிறுவனமான வயாகாம் வாங்கியது. கிட்டார் ஒரு வீட்டுக்கு, அதைச் செய்த மூளை இன்னொரு வீட்டுக்கு. பாகப்பிரிவினை அப்படி நடந்தது.

2007 அக்டோபரில் ஆக்டிவிஷன், நெவர்சாஃப்ட் ஸ்டூடியோவை வைத்து ‘கிட்டார் ஹீரோ III’-ஐ இறக்கியது. இந்த ஒரு கேமின் விற்பனை 100 கோடி டாலரைத் தாண்டியதாக 2009 தொடக்கத்தில் ஆக்டிவிஷன் அறிவித்தது. ஒற்றை கேமாக அந்த எல்லையைத் தொட்ட முதல் கேம் என்றும் சொல்லிக்கொண்டது. பிரிட்டனின் ‘டிராகன்ஃபோர்ஸ்’ குழுவை உலகம் முழுக்கப் பதின்ம வயதினரிடம் கொண்டுசேர்த்தது இந்த கேமின் கடைசியில் வரும் கொடூரமான கஷ்டப் பாட்டுதான்.

அடுத்த மாதமே ஹார்மோனிக்ஸ் ‘ராக் பேண்ட்’ மூலம் பதில் சொன்னது. இந்த முறை கிட்டாரோடு ட்ரம்ஸ், மைக், பேஸ் எல்லாம் உண்டு. நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். முழு செட் 170 டாலர். ஒருவர் தடுமாறி வெளியேறினால் மற்றவர் ஸ்டார் பவரைப் போல ஒன்றைச் செலவழித்து அவரைக் காப்பாற்றி உள்ளே இழுக்கலாம். ட்ரம்ஸில் அக்கா, மைக்கில் அப்பா என்று ஒரு குடும்பமே டிவி முன்னால் நின்ற அபூர்வமான காலம் அது.

2008-ல் ‘கிட்டார் ஹீரோ: ஏரோஸ்மித்’ வந்தது. ஏரோஸ்மித் குழு தன் எந்த ஆல்பத்தையும்விட இந்த கேமில்தான் அதிகம் சம்பாதித்தது என்று ஆக்டிவிஷன் தலைவர் பாபி கோட்டிக் சொன்னார். சிடி விற்பனை சரிந்து நொந்துபோயிருந்த இசைத் துறைக்கு இது கேட்க இனிமையான செய்தி.

அதே நேரம் இசை நிறுவனங்களின் கண் கணக்குப் புத்தகத்தின் பக்கம் போனது. வார்னர் மியூசிக்கின் தலைவர் எட்கர் பிரான்ஃப்மன் 2008-ல், எங்கள் பாடல்களை நம்பியே ஓடும் கேம்கள் எங்களுக்குத் தருவது மிகக் குறைவு என்று வெளிப்படையாகப் புகார் சொன்னார். பாட்டு ஓட்டத்தின் நடுவே ஒரு பில்லும் ஓட ஆரம்பித்துவிட்டது.

இங்கேதான் பாதை பிரிந்தது

இனி வருவதுதான் முக்கியமான இடம்.

ஒருமுறை பிளாஸ்டிக் கிட்டார் வாங்கியவருக்கு அடுத்து என்ன தேவை? இன்னொரு கிட்டாரா? இல்லை. இன்னும் பாட்டு. கேரம் போர்டு வாங்கியவர் வருடா வருடம் புது போர்டு வாங்க மாட்டார்.

ஹார்மோனிக்ஸ் இதைப் புரிந்துகொண்டது. ராக் பேண்டை ஒரு மேடையாக வைத்து, வாரா வாரம் புதுப் பாட்டுகளை ஆன்லைன் ஸ்டோரில் விற்றது. ஒரு பாட்டு சுமார் 2 டாலர். பிடித்ததை மட்டும் வாங்கலாம். முதல் ராக் பேண்டின் டிஸ்க்கில் இருந்த பாடல்களில் பெரும்பாலானவற்றை 5 டாலர் கட்டி இரண்டாவது கேமுக்குக் கொண்டுபோகலாம். 2010-ல் மூன்றாவது கேம் வந்தபோது ஸ்டோரும் டிஸ்க்குகளும் சேர்ந்து 2,000 பாட்டுகளுக்கு மேல் இருந்தன.

ஆக்டிவிஷன் வேறு மாதிரி யோசித்தது. ‘கால் ஆஃப் டூட்டி’ வருடா வருடம் வருகிறதா? அப்படியானால் கிட்டார் ஹீரோவும் வரட்டும். டவுன்லோடு பாட்டுகளை அதுவும் விற்றது என்பது உண்மை. ஆனால் அதன் கவனம் கடைப் பெட்டிகள்மீதுதான் இருந்தது. 2007-லேயே 80-களின் பாடல்கள் என்ற பெயரில் வெறும் 30 பாட்டுகளை வைத்து ஒரு டிஸ்க்கை 50 டாலருக்கு விற்றுப் பார்த்தது. அப்போதே முணுமுணுப்பு கேட்டது.

உபகரணத்திலும் இதே கதை. 2007-ல் பிளேஸ்டேஷன் 3-ல் கிட்டார் ஹீரோ III-இன் கிட்டார், ராக் பேண்டில் வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு அப்டேட் தயாராக இருந்தும், ஆக்டிவிஷனின் எதிர்ப்பால் அது நின்றுபோனதாக ஹார்மோனிக்ஸ் பகிரங்கமாகச் சொன்னது. நிறுவனங்களின் சண்டையில் ஹாலில் இரண்டு கிட்டார் சேர்ந்தது, வாங்கியவரின் செலவில்.

2009: ஒரே வருடத்தில் எத்தனை?

எண்ணிப் பார்க்கலாம். 2009 மார்ச்சில் ‘கிட்டார் ஹீரோ: மெட்டாலிகா’. ஜூனில் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’, அதே ஜூனில் நின்டெண்டோ டிஎஸ்-க்கு ‘ஆன் டூர்: மாடர்ன் ஹிட்ஸ்’. செப்டம்பரில் ‘கிட்டார் ஹீரோ 5’. அக்டோபரில் ‘டிஜே ஹீரோ’, இதற்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் டிஜே மேசை. நவம்பரில் ‘பேண்ட் ஹீரோ’. டிசம்பரில் ‘கிட்டார் ஹீரோ: வேன் ஹேலன்’. ஆக்டிவிஷன் கணக்கில் மட்டும் ஒரே வருடத்தில் ஏழு.

எதிர்ப்பக்கம் ‘தி பீட்டில்ஸ்: ராக் பேண்ட்’, ‘லெகோ ராக் பேண்ட்’, பிஎஸ்பி-க்கு ‘ராக் பேண்ட் அன்பிளக்டு’. பீட்டில்ஸ் கேம் உண்மையிலேயே அன்போடு செய்யப்பட்டது. 45 பாடல்கள். ஜார்ஜ் ஹாரிசனின் மகன் தானி ஹாரிசன் தூது போய் வந்த திட்டம், ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் ஒலியைக் கவனித்தார். அறிமுக மேடைக்கு பால் மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் நேரில் வந்தார்கள். ஆனால் அதன் முழு செட் 250 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 12,000 ரூபாய். கடையில் அது நின்றது ‘ஹீரோ’ என்று முடியும் அரை டஜன் பெட்டிகளுக்குப் பக்கத்தில்.

பிறந்தநாள் பரிசு வாங்க கடைக்குப் போன ஒரு அம்மாவின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். எல்லாப் பெட்டியிலும் கிட்டார் படம். எது வீட்டில் இருக்கும் கிட்டாரோடு சேரும், எதற்குப் புதுசு வேண்டும், எது போன வருடத்து டிஸ்க்? தெரியாது. தெரியாதபோது மனிதர்கள் எளிதான முடிவை எடுப்பார்கள், எதையும் வாங்காமல் திரும்புவார்கள்.

‘ஆடிக் கறக்குற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்டைப் பாடிக் கறக்கணும்’ என்பார்கள். பாட்டுக்குக் கறக்கும் மாடு இது. ஆக்டிவிஷன் அதைத் துப்பாக்கி கேம் போலக் கறக்கப் பார்த்தது.

“ரிசெஷன் காரணம் இல்லையா?”

நியாயமான கேள்வி. 2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. அமெரிக்கக் குடும்பங்கள் பர்ஸைத் திறக்கவே யோசித்த காலம். 170 டாலர், 250 டாலர் பெட்டிகள் முதலில் அடிவாங்கியதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு வாதமும் உண்டு. இந்த கேம்களுக்கு ஒரு உச்சவரம்பு இருந்தது. ‘ஈஸி’யில் தொடங்கி ‘எக்ஸ்பர்ட்’ வரை ஏறியவருக்கு அதற்கு மேல் என்ன? ஒன்று நிஜ கிட்டார் வாங்க வேண்டும், இல்லையென்றால் மூலையில் வைக்க வேண்டும். 2010-ல் ராக் பேண்ட் 3 இதற்குப் பதில் தேடியது. கீபோர்டு சேர்த்தது. 102 பட்டன் கொண்ட கிட்டாரையும், நிஜத் தந்திகள் உள்ள கிட்டாரையும் கொண்டுவந்து, வாசிக்கவே கற்றுத்தர முயன்றது. அற்புதமான முயற்சி. ஆனால் அதற்குள் கூட்டம் கலைந்திருந்தது.

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. ஹார்மோனிக்ஸ் சரியாகவே செய்தது என்றால், அதுவும் ஏன் விழுந்தது?

அந்தக் கடைத்தெருவில் அது தனியாக இல்லை. இரண்டு நிறுவனங்களுக்கும் ஒரே அலமாரி, ஒரே வாடிக்கையாளர், ஒரே கேரேஜ். பக்கத்துக் கடைக்காரர் தள்ளுபடி போட்டு சரக்கைக் கொட்டினால், நல்ல சரக்கு வைத்திருப்பவருக்கும் விலை விழும். பிளாஸ்டிக் ட்ரம்ஸ் செட் என்பது டவுன்லோடு ஃபைல் இல்லை. தொழிற்சாலையில் செய்து, கப்பலில் ஏற்றி, கிடங்கில் வைத்து, இடம் அடைக்கும் பெட்டியாகக் கடைக்குப் போக வேண்டும். விற்காமல் நின்றால் ஒவ்வொரு பெட்டியும் நஷ்டம். வயாகாம் போன்ற பொழுதுபோக்கு நிறுவனத்துக்கு இந்த வியாபாரம் பழக்கமும் இல்லை, பொறுமையும் இல்லை.

ஆக, மந்தநிலை அடித்தது உண்மை. உச்சவரம்பு இருந்ததும் உண்மை. ஆனால் மழை பெய்யும்போது ஓட்டைப் படகும் நல்ல படகும் ஒன்றில்லை. ஓட்டையைப் போட்டது 2009-ன் பேராசை.

பாட்டுக்குள் நுழைந்த வக்கீல்கள்

சரக்கு குவியக் குவிய, ஆட்களும் சரக்காக மாறினார்கள். கிட்டார் ஹீரோ 5-ல் மறைந்த நிர்வாணா பாடகர் கர்ட் கோபேனின் உருவம் இருந்தது. அதைத் திறந்துவிட்டால் அவர் வேறு யாருடைய பாட்டையும் பாடுவார். அவருடைய மனைவி கோர்ட்னி லவ்வும் நிர்வாணாவின் மற்ற உறுப்பினர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். செத்துப்போனவர் சம்மதிக்காத பாட்டை அவர் வாயில் திணிப்பது நியாயமா என்ற கேள்வி, ஏஐ குரல்கள் பற்றி இன்று நடக்கும் சண்டைக்குப் பல வருடம் முன்பே ஒரு பிளாஸ்டிக் கிட்டார் கேமில் எழுந்தது.

2009 நவம்பரில் ‘நோ டவுட்’ குழு இதே காரணத்துக்காக ஆக்டிவிஷன்மீது வழக்குத் தொடுத்தது. மூன்று பாட்டுக்குத்தான் உருவத்தைக் கொடுத்தோம், கேமில் எங்களை வைத்து எதை வேண்டுமானாலும் பாடவைக்கிறார்கள் என்பது அவர்கள் புகார். பேண்டுகள் பெருமையோடு வந்து நின்ற மேடை, கோர்ட் படியாக மாறியது.

விழுந்தது யார் மேல்?

2010 தொடக்கத்தில் ஆக்டிவிஷன் ரெட்ஆக்டேனை மூடியது. கிட்டார் பெட்டியோடு கடை கடையாக ஏறி இறங்கிய அதே கம்பெனி. நெவர்சாஃப்டின் கிட்டார் ஹீரோ பிரிவும் கலைக்கப்பட்டது. செப்டம்பரில் வந்த ‘வாரியர்ஸ் ஆஃப் ராக்’ எதிர்பார்த்த அளவு போகவில்லை. பிப்ரவரியில் கதை முடிந்தது. இசை கேம்களின் விற்பனை தொடர்ந்து சரிகிறது என்பது ஆக்டிவிஷன் சொன்ன காரணம். தன் கையில் இருந்த ஏழு பெட்டிகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

வயாகாமுக்கோ 50 டாலர் விற்பனையோடு தலைவலி தீரவில்லை. ஹார்மோனிக்ஸை வாங்கியபோது, விற்பனை நன்றாக இருந்தால் கூடுதல் தொகை தருவதாக ஒப்பந்தம் இருந்தது. அந்தத் தகராறில் பழைய பங்குதாரர்களுக்கு மேலும் 38.3 கோடி டாலர் தர வேண்டும் என்று 2011 கடைசியில் நடுவர் தீர்ப்பு வந்தது.

பங்குதாரர்களுக்குத் தீர்ப்பு கிடைத்தது. வேலை போன டிசைனர்களுக்கும் டெஸ்டர்களுக்கும் கிடைத்தது அட்டைப்பெட்டி. எத்தனை கேம் வர வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள் இல்லை.

திரும்பி வந்தது, திரும்பப் பறித்தது

2015 அக்டோபரில் இரண்டும் திரும்பி வந்தன. எப்படி வந்தன என்பதில்தான் வித்தியாசம்.

‘ராக் பேண்ட் 4’, முன்பு வாங்கிய பாட்டுகளில் பெரும்பாலானவற்றை அதே கன்சோல் குடும்பத்துக்குள் ஏற்றுக்கொண்டது. பழைய கிட்டார்கள் பலவும் வேலை செய்தன. அதன்பின் 2024 ஜனவரி வரை புதுப் பாட்டுகள் வந்துகொண்டிருந்தன. பெரிய ஹிட் இல்லை. ஆனால் வாங்கியவரை மதித்தது.

‘கிட்டார் ஹீரோ லைவ்’ ஐந்து பட்டனை ஆறாக மாற்றியது. பழைய கிட்டார் எல்லாம் வேஸ்ட். டிஸ்க்கில் 42 பாட்டுகள் மட்டும். மற்ற நூற்றுக்கணக்கான பாட்டுகள் ‘ஜிஹெச்டிவி’ என்ற ஸ்ட்ரீமிங் சேவையில். பாட்டை விலைகொடுத்து வைத்துக்கொள்ள வழியில்லை, ஆடத்தான் முடியும். 2018 டிசம்பர் 1 அன்று ஆக்டிவிஷன் சர்வரை அணைத்தது. மூன்று வருடம் முன்பு 100 டாலர் கொடுத்து வாங்கியவரின் கேமில், ஒரே இரவில் பத்தில் ஒன்பது பங்கு பாட்டுகள் காணாமல் போயின. அமெரிக்காவில் சமீபத்தில் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர பிறகு ஆக்டிவிஷன் முன்வந்தது. மற்றவர்களிடம் மிஞ்சியது ஆறு பட்டன் பிளாஸ்டிக்.

இது வெறும் கேம் பிரச்சினை இல்லை. ஃபோனில் ‘Buy’ என்று அழுத்தி வாங்கும் படம், பாட்டு, புத்தகம், சாஃப்ட்வேர் எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும் நிபந்தனை இதுதான். வாங்கியதாக நினைப்பவர் வாடகைக்குத்தான் இருக்கிறார், வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் சாவியை மாற்றலாம்.

அப்போ ஆசை செத்துப்போச்சா?

“மக்களுக்குப் போரடிச்சிடுச்சு” என்ற பதில் சரி என்றால், இதற்குப் பிறகு எதுவும் நடந்திருக்கக் கூடாது. நடந்தது.

ரசிகர்களே சேர்ந்து ‘க்ளோன் ஹீரோ’ என்ற இலவச கேமைச் செய்தார்கள். பழைய பிளாஸ்டிக் கிட்டாரைக் கம்ப்யூட்டரில் செருகி ஆடலாம். பாட்டுக்கான புள்ளிகளை ஆட்டக்காரர்களே உட்கார்ந்து அமைக்கிறார்கள். மூலையில் கிடந்த கிட்டார்களைப் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கும் கூட்டம் உருவானது. விஆர் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆடும் ‘பீட் சேபர்’ 2018-ல் வந்து ஹிட்டானது. வடிவம் வேறு, அடிப்படை ஒன்றுதான்: பாட்டு வரும், அதோடு கை போக வேண்டும்.

2021-ல் ‘ஃபோர்ட்நைட்’ தயாரிக்கும் எபிக் கேம்ஸ் ஹார்மோனிக்ஸை வாங்கியது. 2023 டிசம்பரில் ஃபோர்ட்நைட்டுக்குள்ளேயே ‘ஃபெஸ்டிவல்’ வந்தது, கிட்டத்தட்ட ராக் பேண்டின் மறுபிறவி. அடுத்த வருடம் கடைகளில் புதிய பிளாஸ்டிக் கிட்டார்கூட வந்துவிட்டது. ‘கிட்டார் ஹீரோ’ பெயர், 2023-ல் ஆக்டிவிஷனை வாங்கிய மைக்ரோசாஃப்டின் அலமாரியில் தூங்குகிறது.

ஆக, ஆசை அப்படியேதான் இருக்கிறது. வருடத்துக்கு ஏழு பெட்டி வாங்கும் ஆசைதான் என்றைக்கும் இருந்ததில்லை. அப்படி ஒரு ஆசை இருப்பதாக ஸ்ப்ரெட்ஷீட் மட்டும்தான் நம்பியது.

ஸ்டார்ட்அப்பில், ஐடியில், மீடியாவில் வேலை பார்க்கும் பலருக்கு இந்த இடம் பழக்கமானதாகத் தோன்றலாம். ஒரு பொருள் கிளிக் ஆகிறது. “சூப்பர், அடுத்த காலாண்டில் இதை இரண்டு மடங்காக்குங்கள்” என்று மேலிருந்து வருகிறது. அதன் இயல்பான வேகம் என்ன, பயன்படுத்துபவருக்கு உண்மையில் என்ன தேவை என்று அந்த மீட்டிங்கில் யாராவது கேட்க வேண்டும். கிட்டார் ஹீரோ கதையில் அந்தக் கேள்விக்கு ஹார்மோனிக்ஸிடம் ஒரு பதில் இருந்தது: கிட்டார் ஒன்று போதும், பாட்டு நிறைய வேண்டும். அந்தப் பதில் கையில் இருந்தும், சந்தை முழுவதும் பெட்டிகளால் நிரம்பிய பிறகு அது யார் காதிலும் விழவில்லை.

ராக் பேண்டின் வாராந்திரப் பாட்டு வரிசை 2013 ஏப்ரலில் முதல் முறையாக நின்றது. கடைசியாக வந்தது டான் மெக்லீனின் ‘அமெரிக்கன் பை’, எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. விடைபெறும்போதும் சரக்கைக் குறைக்காமல் ஒரு நீளமான பாட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அதை வாங்கி, ட்ரம்ஸில் ஒருவரும் மைக்கில் ஒருவருமாக நின்று கடைசிவரை வாசித்த வீடுகளில் யாரும் போரடிக்கிறது என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.